பண்முறையும் பரிசுமுறையும்

விருத்தாசலத்திற்கு அணித்தே இராசேந்திரப்பட்டினம் என்றொரு சிற்றூர் உளது. தேவாரத்துள் திருஎருக்கத்தம்புலியூர் எனப்படுவது இவ்வூரே. திருஞானசம்பந்தரொடு உடன்சென்று அவர்தம் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் இது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறைகண்ட புராணம் இவ்வூரைப் பற்றிப் பிறிதொரு செய்தியும் கூறும். தில்லையில் மறைந்துகிடந்த ஏடுகளை வெளிக்கொணர்ந்த அரசனும் நம்பியாண்டார் நம்பியும், பாடல் கிடைத்தும் அவற்றைப் பாடும் முறை கிடைத்திலதே எனக் கவன்றனர். பின்னர் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை இவ்வூரிற் கண்டு, தில்லைக்கு அழைத்துச் சென்று, அவள்வாயிலாகப் பதிகங்கட்குப் பண் வகுத்தனர் என்பது அச்செய்தி. புராணத்தை அப்படியே வரலாறு எனக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளர்க்கு அமையாது. எனினும் அதனுள் பொதிந்த கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. இசையை வகைப்படுத்தும் தகுதி ஏடு மீட்ட அரசனுக்கு இல்லை. தொகுத்த நம்பிக்கும் இல்லை. அவ்விசையை வழிவழியாகப் பாடிவந்த குடியினள் ஒருத்திக்கே அது கொடுக்கப்பட்டது. இதனை எழுதிய புராணகாரர் காலத்திலேயே இப்படியொரு எண்ணம் தமிழகத்தில் இருந்தது என்ற அளவிலேனும் நாம் இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இச்செய்தி எம் உள்ளத்தில் அண்மைக்காலத்தே மீண்டும் எழுந்ததற்குக் காரணம் ஒரு போட்டி. சில ஆண்டுகட்கு முன்னர், கல்லூரி மாணவர்க்கென நடந்த இசைப்போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவராக யாம் அமர்ந்தோம். விண்ணப்பத்தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன: கருநாடக இசை, மெல்லிசை, நாட்டுப்புறப் பாடல், பிற. ஓதுவார் குடும்பத்து மாணவர் ஒருவர் திருமுதுகுன்றப் பதிகம் பாட வந்தார். திருமுதுகுன்றமாவது விருத்தாசலமே, அவருக்கு அது சொந்த ஊர்ப் பதிகம். கருநாடக இசை என்னும் கட்டத்தில் அவர் குறியிட்டிருந்தார். எம் கையிலிருந்த மதிப்பெண் தாளிலோ ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம், தாளக்கட்டு எனத் தலைப்புகள் இருந்தன. சம்பந்தர் மேகராகக்குறிஞ்சியில் அருளிய பதிகத்தை அவர் எடுத்தார். பதிகம் பதினொரு பாடல் உடையது. ஏழு நிமிடத்தில் மணி அடித்தது. ஐந்தாம் பாடலின் இடையே அவர் நின்றார். நான்கு தலைப்புகளுள் மூன்றில் அவருக்குச் சுழி இட்டோம். அத்தாளில் எம் கையொப்பமும் உண்டு.

போட்டி முடிந்தபின் உடனிருந்த நடுவர் ஒருவர், உண்மையான பரிவோடு, “தம்பி, நீங்கள் ‘பிற’ என்பதில் பெயர் கொடுத்திருக்கலாமே” என்றார். அம்மாணவர், “பிற என்றால் எதற்குப் பிற, ஐயா?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு அன்று எவரும் விடை கூறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவினின்று பிறந்தது.

இவ்வினா விருத்தாசலத்திற்கே உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒலிப்பதிவுக் கலைக்கழகம் ஆண்டுதோறும் வழங்கும் கிராமி விருதுகளை ஒட்டி 2011-இல் இதே வினா பெரும் பூசலாக எழுந்தது. அங்கு இலத்தீன் ஜாஸ் என்பதோர் இசைவகை உண்டு. ஆப்பிரிக்கத் தாளமரபு கியூபாவிலும் அண்டைத் தீவுகளிலும் வளர்ந்து, பின் நியூயார்க்கு நகரில் ஜாஸ் இசையொடு கூடிப் பிறந்தது அது. மாச்சித்தோவின் குழுவிற்கென மாரியோ பௌசா 1943-இல் அமைத்த ‘தாங்கா’ என்னும் இசையை அதன் தொடக்கமாகக் கூறுவர். 1947-இல் டிசி கில்லெஸ்பி என்னும் ஊதுகொம்புக் கலைஞர், கியூபத் தாளக்கலைஞர் சானோ போசோவை உடன்கொண்டு கார்னகி மண்டபத்தில் நிகழ்த்திய அரங்கு அவ்வகையை நாடறியச் செய்தது. அவ்விசையின் உயிர்நிலை ‘கிளாவே’ எனப்படும் ஐந்து தட்டு. இரண்டு தாள அலகுகளுள் ஒன்றில் மூன்றும் மற்றதில் இரண்டுமாக அது விழும். ஊதுகருவி, நரம்புக்கருவி, தோற்கருவி எதுவாயினும் அவ்வைந்து தட்டிற்கு மாறுபட்டு ஒலித்தலாகாது. இதனை உணராத செவிக்கு அவ்விசை, தோற்கருவிகள் மிகுந்த ஜாஸ் என்ற அளவிலேயே கேட்கும்.

இவ்வகைக்குத் தனி விருது 1995-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. 2011 ஏப்பிரலில் அக்கழகம் தன் விருது வகைகளை 109-இலிருந்து 78 ஆகக் குறைத்தது. இலத்தீன் ஜாஸ் பொதுவான ஜாஸ் வகைக்குள் அடக்கப்பட்டது. அவாய்த் தீவினர் இசையும், அமெரிக்கப் பழங்குடியினர் இசையும், லூசியானாப் பகுதியின் சைடிகோ, கேஜன் இசைகளும் தத்தம் தனித்தலைப்பை இழந்து ‘வட்டார வேரிசை’ என்னும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுசெல்லப்பட்டன. விருதுகள் மிகுந்தால் விருதின் மதிப்புக் குறையும் என்பதும், பதிவுகள் குறைந்த வகைக்குத் தனிப்பரிசு பொருந்தாது என்பதும் கழகத்தார் கூறிய காரணங்கள். தாளக்கலைஞர் பாபி சனாப்ரியா முதலாயினோர் இதனை எதிர்த்தனர். நால்வர் நியூயார்க்கு நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தனர். வழக்கு 2012-இல் தள்ளப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு சூன் மாதமே கழகம் இலத்தீன் ஜாஸ் வகையை மீளச் சேர்த்தது. வழக்கில் தோற்றவர் வாதத்தில் வென்றனர் போலும்.

மீண்ட அவ்விருது 2013-இல் கிளேர் பிஷர் என்பாரின் குழுவிற்குக் கிடைத்தது. பிஷர் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். இலத்தீன் குடியினர் அல்லர். அவ்வகை ஓர் இனத்தார்க்கு ஒதுக்கிய இடம் என்று இகழ்ந்தோர்க்கு இது தக்க விடை. கிளாவேயை உணர்ந்து இசைத்தவர் எக்குடியினராயினும் அவ்வகைக்குரியவர். வகை என்பது குலம் அன்று, இலக்கணம்.

இனித் திருமுறைக்கு வருவோம். இசைவகை பகுக்கும் தொழிலில் நம் முன்னோர் செய்த செயல் நாம் பெரும்பாலும் கருதுவதினும் நுட்பமானது. பரிபாடலிலேயே பாட்டின்கீழ்ப் பாடினோர் பெயரொடு இசைவகுத்தோர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்வரிசையிற் பாடல்கள் நிரல்பட நிற்கின்றன. அம்மரபே தேவாரத்திற் பெருகியது. சம்பந்தர் தேவாரமும் சுந்தரர் தேவாரமும் முற்றும் பண்ணடைவில் வகுக்கப்பட்டன. அப்பர் தேவாரத்திற்கு வருங்கால் தொகுத்தோர் வேறு செய்தனர். நான்காம் திருமுறையின் தொடக்கத்துப் பதிகங்கட்கே பண் கூறினர். எஞ்சியவற்றை நேரிசை, விருத்தம் என்றும், ஐந்தாம் திருமுறையைக் குறுந்தொகை என்றும், ஆறாவதைத் தாண்டகம் என்றும் யாப்பும் நடையும் நோக்கிப் பெயரிட்டனர். பகுப்புநெறி இடையில் மாறிவிட்டது, இது குற்றம் என அளவைநூலார் கூறலாம். ஒரு தொகைநூலைப் பகுக்குங்கால் ஒரே அளவை இறுதிவரை செல்லவேண்டும் என்பது அவர் விதி. ஆயின் தொகுத்தோர் அவ்விதிக்காகத் தாண்டகத்தை ஒரு பண்ணுக்குள் திணிக்கவும் இல்லை. பண்ணில் அடங்காதன அனைத்தையும் கூட்டி ‘பிற’ என்று தலைப்பிடவும் இல்லை. அடங்காத ஒவ்வொன்றற்கும் அதன் பெயரையே கொடுத்தனர்.

எண்ணிக்கை பற்றியும் அவர் கருத்துத் தெளிவு. தேவாரப் பண்களுள் செந்துருத்தியில் அமைந்த பதிகம் ஒன்றே ஒன்று, அது சுந்தரருடையது. யாழ்மூரி என்பதும் ஒரே பதிகம். அதன் வரலாறு யாவரும் அறிந்ததே. சம்பந்தர் பதிகம் புகழ்பெறுவது யாழ்ப்பாணர் யாழினாலேதான் என்று அவர் சுற்றத்தார் கூறினர். அதுகேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும் எனத் தாமே சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் தருமபுரத்தில் அவ்வாறே பாடினார். யாழை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்தும் நிறுத்தினார். பெருமை யாருடையது என்ற பூசல் இசையுலகிற்குப் புதிதன்று என்பதும் இதனாற் பெறப்படும். எமக்கு இதில் வியப்பளிப்பது வேறு. கருவியில் அடங்காத அவ்வொரு பதிகத்தைத் தொகுத்தோர் அண்டையிலிருந்த பண்ணொன்றில் அடக்கிவிடவில்லை. அதற்கெனத் தனித்தலைப்பே அமைத்தனர். நாற்பது பதிவு வேண்டும் என்று அவர் எண்ணியிருப்பின் இன்று யாழ்மூரி என்னும் பெயரே நமக்கு எஞ்சியிராது.

பண்ணுக்குள்ளும் உட்பகுப்பு உண்டு. அதற்குக் கட்டளை என்பது பெயர். நட்டபாடைக்குக் கட்டளை எட்டு எனத் திருமுறைகண்ட புராணம் கணக்கிட்டுச் சொல்லும். ஒரே பண்ணில் அமைந்த பதிகங்களும் சீரும் சந்தமும் வேறுபடுதலாற் கட்டளையில் வேறுபடும். செங்கல் அறுக்கும் அச்சிற்கும் கட்டளை என்ற பெயர் உண்டென்பது நோக்கத்தக்கது. சொல் எந்த அச்சில் வார்க்கப்பட்டதோ அவ்வச்சைக் காட்டுவது கட்டளை. கிளாவே என்னும் ஐந்து தட்டிற்கு நம்மிடையே நிகர் தேடுவோர் தாளத்தை விட்டுக் கட்டளையை நோக்குவது நன்று என்பது எம் கருத்து. இரண்டும் இசையின் மேலிருந்து அளப்பன அல்ல, உள்ளிருந்து தாங்குவன.

அச்சென்றதும் யாம் வாழும் ஊர் நினைவிற்கு வருகின்றது. விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலாற் பெயர்பெற்றது. அரசினர் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் தொழிற்பேட்டையும் இங்கு உள்ளன. பொம்மை, மின்கம்பிக்கு வேண்டும் காப்புப் பீங்கான், குவளை எனப் பலவும் இங்குச் செய்கின்றனர். கடைக்காரர் இவற்றைப் பயன்நோக்கி அடுக்குவர்: விளையாட்டுப் பொருள், மின்பொருள், சமையற் பொருள். சூளைக்காரர் அவ்வாறு பகுப்பதில்லை. எம்மண், எவ்வளவு சூடு, மேற்பூச்சு எது என்பனவே அவர்க்கு வகை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிள்ளையாருள் ஒன்று சாதாரண மண்ணாகவும் மற்றது பீங்கானாகவும் இருத்தல் கூடும். பார்வைக்கு ஒன்றெனத் தோன்றும் அவற்றை அவர் ஒரே அடுக்கில் வைத்துச் சுடார். கடைக்காரர் பகுப்புப் பிழையன்று; வாங்குவோர்க்கு அதுவே வேண்டுவது. ஆயின் பாண்டம் நன்கு வெந்ததா என்று தீர்ப்பதற்கு அப்பகுப்புப் பயன்படாது. தேவாரத்தைத் தலமுறையாகவும் பண்முறையாகவும் பதிப்பித்த இருவகைப் பதிப்பாளரும் இவ்வாறே. தலப்பயணிக்குத் தலமுறை வேண்டும். பாடுவோர்க்குப் பண்முறை வேண்டும். இரண்டும் வகையே; ஆனால் மதிப்பிடுவதற்கு உரிய வகை ஒன்றே.

பரிசுமன்றங்கள் கொண்ட வகைகள் பலவும் கடைக்காரர் அடுக்கு என்பது எம் குற்றச்சாட்டு. இரவிசங்கரும் மெனுகினும் இணைந்து வாசித்த இசைத்தட்டிற்கு 1968-இல் கிராமி விருது கிடைத்தபோது அது அறையிசை என்னும் ஐரோப்பிய வகையில் வைக்கப்பட்டது. இருவர் அமர்ந்து வாசித்தனர் என்பதன்றி அதற்குக் காரணம் யாம் காணவில்லை. 1992-இல் உலக இசை என்ற வகை முதன்முறையாக அமைக்கப்பட்டு, மிக்கி ஆர்ட் என்பாரின் ‘பிளானட் டிரம்’ அவ்விருதைப் பெற்றது. அதில் விக்கு விநாயகராமின் கடம் ஒலிக்கின்றது. மானாமதுரை மண்ணிற் பிறக்கும் கடம் சென்னை அரங்கில் உபபக்கவாத்தியம். அமெரிக்காவில் அது உலக இசை. ஒலி ஒன்றே, இட்ட அடுக்கு வேறு. சங்கீத நாடக அகாதெமி மானாமதுரையிற் கடம் செய்யும் அம்மையார் ஒருவர்க்கு இசைக்கருவி செய்தல் என்ற வகையில் விருது வழங்கியது. இதனை யாம் மிகவும் போற்றுகின்றோம். மண்ணின் பதமும் சூட்டின் அளவும் அறிந்த கைக்கு அவ்வறிவின் பெயராலேயே சிறப்புச் செய்யப்பட்டது.

அதே அகாதெமி, கருநாடக இசை, இந்துத்தானி இசை என்பவற்றின்பின், ‘இசையின் பிற பெருமரபுகள்’ என்று பொருள்படும் தலைப்பொன்றையும் வைத்துள்ளது. குர்பானி போன்ற மரபுகள் அதன்கண் அடங்கும். நோக்கம் நல்லதே. ‘பெரு’ என்னும் அடை அளித்த கை ‘பிற’ என்பதை நீக்கியிருக்கலாம். ஓதுவார் பாடும் பதிகத்தைக் கருநாடக இசையில் வைப்பின், ஆலாபனையும் கற்பனைச்சுரமும் இல்லாத குறை அதற்கு வந்து சேரும். பிறவற்றுள் வைப்பின், ஒன்றற்கொன்று இயைபில்லாத மரபுகளை ஒரே தட்டில் நிறுக்கவேண்டி வரும்.

வகையே வேண்டா, சிறந்த இசைக்குப் பொதுவானதொரு பட்டம் போதும் என்பார் உளர். இக்கூற்றுச் செவிக்கு இனியது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1942-இல் ஏற்பட்டது. அதற்குக் கருவி வகை இல்லை, எவரும் பெறலாம். ஆயினும் மிருதங்கக் கலைஞர் ஒருவர், பாலக்காட்டு மணி ஐயர், அதனைப் பெற 1966 வரை ஆயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தகுந்த மிருதங்கக் கலைஞர் தமிழகத்தில் இல்லை என எவரும் கூறார். பொது எனப் பெயரிட்ட இடத்திலும் நடுவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஏனையோர் அவரைச் சூழ்ந்திருக்கின்றனர்.

இவ்விடத்துத் திருமுதுகுன்றத்தை ஒட்டிய ஒரு கதையை எண்ணிப் பார்க்கவேண்டும். சுந்தரர் இங்குப் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் வழக்கு இன்றும் மக்கள் வாயில் உண்டு. ஆயின் பலர் மறந்த பகுதி ஒன்று அவ்வரலாற்றில் உளது. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதினின்று மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சமாவது மாற்று அறிதற்கு வெட்டிவைக்கும் சிறுதுண்டு. குளத்தில் வந்த பொன்னை அம்மச்சத்தொடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்தது. மீண்டும் பாடி, மாற்று ஒத்தபின்னரே அவர் ஏற்றார். சுந்தரர் வேறெவரிடமோ கடன்பெற்ற துண்டை உரைகல்லிற் தேய்க்கவில்லை. எந்தப் பொன்னின் தரம் அறிய வேண்டுமோ அப்பொன்னினின்றே வெட்டிய துண்டை அளவாகக் கொண்டார். எம் மதிப்பெண் தாளில் இருந்த மச்சமோ கீர்த்தனையினின்று வெட்டியது. அதனொடு பதிகத்தை உரைத்துப் பார்த்து மாற்றுக் குறைவு என எழுதினோம்.

பதிகத்தினின்று மச்சம் வெட்டுவதாயின் எவற்றை நோக்கவேண்டும்? ஓதுவார் மரபிலேயே அதற்கு விடை உண்டு. தாளத்தொடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றிச் சொல்லும் பொருளும் வழிநடத்தப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் அவர் வழங்குவர். சுத்தாங்கத்தில் பண் கெடாது, சீர் சிதையாது, பொருள் பிளவுபடாது மூச்சு எடுக்கும் இடம் அறிந்து பாடுதல் அரிய பயிற்சியின் பயன். தாளக்கட்டு என்ற தலைப்பின்கீழ் அதற்குச் சுழியே கிடைக்கும். மேலும், பதிகத்தின் அலகு பாட்டு அன்று, பதிகமே. சம்பந்தர் பதிகத்தில் இராவணனும், அயன் மாலும், சமண சாக்கியரும் தத்தம் இடத்தில் வருவர்; இறுதியில் திருக்கடைக்காப்பு நிற்கும். எட்டாம் பாட்டில் வருவதை எதிர்நோக்கியே ஏழாம் பாட்டைக் கேட்கின்றோம். ஐந்தாம் பாட்டில் மணியடித்து நிறுத்துதல், அகவலின் நடுவே ஏட்டைக் கிழித்தலை ஒக்கும். இதனை அன்று மேடையில் அமர்ந்திருந்த எம் போன்ற தமிழாசிரியரேனும் உணர்ந்திருக்க வேண்டும்.

இனித் தமிழிசை இயக்கத்தைப் பற்றிச் சில கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அரங்கின் இறுதியில் துக்கடா என்ற பெயரில் தமிழ்ப்பாட்டுகளை ஒதுக்கிவைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதனை மாற்ற எழுந்த முயற்சி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்று, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமாக வளர்ந்தது. 1949 முதல் அச்சங்கம் பண்ணாராய்ச்சி நடத்தி, பண்களையும் இன்றைய இராகங்களையும் இயைபுபடுத்தியது: பழம்பஞ்சுரம் சங்கராபரணம், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளை, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி என்றவாறு. இப்பணி இல்லையேல் பண்களின் பெயர்கள் ஏட்டளவில் நின்றிருக்கும். அப்பெருமக்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் இரண்டு குறைகளைச் சுட்டுதல் வேண்டும். நம் பக்கத்துக் குறையாதலின் அவற்றை நாமே கூறுதல் முறை.

ஒன்று, இயைபு காட்டியதை ஒருமை எனப் பலர் கொண்டுவிட்டமை. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியே என்றால், நீலாம்பரி பாடத் தெரிந்தோர் மேகராகக்குறிஞ்சி பாடத் தெரிந்தோரே ஆகிவிடுவர். சுரவரிசை ஒத்திருக்கலாம், கட்டளை எங்கே? இலத்தீன் ஜாஸ் ஜாஸே என்ற அமெரிக்கக் கழகத்தின் கூற்றும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. மற்றொன்று, தமிழிசை என்னும் வகை மொழிபற்றிய வகையாதல். பாபநாசம் சிவனின் கீர்த்தனையும் சம்பந்தரின் பதிகமும் தமிழ் என்பதனால் ஒருவகைப்பட்டன. இசையமைப்பை நோக்கினால் சிவனின் கீர்த்தனைக்குத் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனை நெருங்கிய உறவு. பதிகம் தொலைவில் உள்ளது. மொழிக்கு இடம் தேடிய காலத்தில் அவ்வகை வேண்டியிருந்தது. அன்று அது போர்க்களம். இன்று அவ்வகைக்குள்ளேயே பதிகம் கீர்த்தனையின் துக்கடாவாக நிற்பதைக் காண்கின்றோம். அரங்கின் முடிவில் ஒரு பாடலை மட்டும் விருத்தமாகப் பாடி மங்களத்திற்குச் செல்லும் வழக்கத்தைச் சொல்கின்றோம்.

இவ்வாறு ஒவ்வொன்றற்கும் வகை கேட்டால் எல்லை எங்கே என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். நேரிய வினாவே. அருணகிரிநாதரும் இவ்வூரைப் பாடியுள்ளார். திருப்புகழின் சந்தம் பண்ணிலும் அடங்காது, கீர்த்தனைத் தாளங்களிலும் எளிதில் அடங்காது. அதற்கும் தனியிடம் வேண்டுமா? வேண்டும் என்றே கருதுகின்றோம். ஆயினும் எல்லை இல்லாமற் போகாது. தனக்கென உள்ளமைப்பு உடையதா, அவ்வமைப்பைக் கற்பிக்கும் மரபு உயிரோடு உள்ளதா, அம்மரபினருள் பிழை இது எனச் சுட்டவல்லார் உளரா என்னும் மூன்றையும் கேட்டுப் பார்த்தால் வேண்டாதன பல தாமே விலகும். தேவாரம் தொகுத்தோர் இருபத்துமூன்று பண்ணோடும் சில யாப்புப் பெயர்களோடும் நின்றனர், இருநூற்றுக்குச் செல்லவில்லை. இம்மூன்றனுள் இறுதியதே தலையாயது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராசராசன் அமர்த்திய நாற்பத்தெண்மர்க்கும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசித்த இருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் எனக் கல்வெட்டுக் கூறும். அவ்வைம்பதின்மர் பெயரும் கல்லில் உள்ளன. அவர்க்குள் யார் முதல், யார் இரண்டாமவர் என்று அரசன் கேட்கவில்லை.

எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணுக்குப் பின்னர் நெடுங்காலம் கோயிலில் பதிகம் பாடும் பணி பெரும்பாலும் ஆடவர்க்கே உரியதாயிற்று. 2021-இல் தமிழக அறநிலையத்துறை சென்னையை அடுத்த மாடம்பாக்கம் கோயிலுக்குப் பெண் ஓதுவார் ஒருவரை அமர்த்தியது. பண்வகுத்தவள் பெண் என்று ஓதிவந்த நாட்டில் இது செய்தியாக வேண்டியிருந்ததே என எண்ணினோம்.

மேற்கூறிய போட்டியின் நடத்துநர்க்கு யாம் ஒரு குறிப்பு எழுதினோம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தாளில் ‘பண்ணிசை’ என ஐந்தாம் கட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. நடுவராக ஓதுவார் ஒருவரை அழைக்கவும் இசைந்தனர். மூவர் பெயர் கொடுத்தனர். ஐவர்க்குக் குறைந்தால் போட்டி நடைபெறாது என்னும் பழைய விதி அத்தாளின் மறுபுறத்தில் இருந்ததை எவரும் நோக்கவில்லை. மூவரும் கருநாடக இசைக்கு மாற்றப்பட்டனர். மதிப்பெண் தாள் பழையதே. அம்மாணவர் அம்மூவருள் இல்லை. அவ்வாண்டு மார்கழியில் ஒருநாள் விடியலில், பழமலைநாதர் திருமுன் அவர் அதே பதிகத்தைப் பாடக் கேட்டோம். பதினொரு பாடலும் முடியுமளவும் நின்றிருந்தோம்.